பத்தில் ஒன்று

மேல்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய் வந்து ஒரு தட்டு நிறையப் பலாச்சுளை கொடுத்தனுப்பினார்கள். பெங்களூரில் பகல் பதினொரு மணி. அலுவலகக் கூட்டம் கம்ப்யூட்டர் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது முகங்கள் ஒன்பது சதுரங்களுக்குள் இருந்து பேசிக்கொண்டிருந்தன. தட்டின் வாசனை மேசைப் பக்கம் வந்ததுதான் தாமதம், அந்த ஒன்பது பேரும் எனக்கு இல்லாமல் போனார்கள். மலை மேல் செம்மேட்டில் இருந்த அந்த அறைதான் தெரிந்தது. மேசைக்கு மேலே கம்ப்யூட்டர், மேசைக்குக் கீழே சாக்குப் போட்டு மூடிய நான்கு பலாப்பழங்கள், நடுவில் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் நீ.

அந்த அறையை இப்போது யாரிடமாவது விவரித்தால் கதை விடுகிறேன் என்பார்கள். மிளகு மூட்டை அடுக்கும் கிடங்குக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த அறை. ஜன்னலுக்குக் கதவு சரியாகப் பொருந்தாது. மதியம் மூன்று மணிக்கெல்லாம் மேகம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் உனக்குத் தெரியாது, திரையில் இருக்கும் எண்கள் மட்டும் வெள்ளைக்குள் பச்சையாக மிதக்கும். கம்ப்யூட்டருக்குச் சளி பிடித்துவிடும் என்று அதன் முதுகுப் பக்கம் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருந்தாய். ஈரம் கொஞ்சம் அதிகமானால் அது கிளம்பாது. நீ பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்கு ஒத்தடம் கொடுப்பாய். நான் சிரித்தால், “சிரிக்காத புள்ள, கோவிச்சுக்கும்” என்பாய்.

நான் பேளுக்குறிச்சிக்காரி. மலையடிவாரத்தில் பிறந்து, வாரச் சந்தையின் கூச்சலில் வளர்ந்து, இருபத்திரண்டு வயது வரைக்கும் மலையை அண்ணாந்து பார்த்ததோடு சரி. நீ மலை மேலே தேவனூர் நாட்டுப் பெண். கல்லூரி விடுதியில் என் பக்கத்துக் கட்டில். படிப்பு முடிந்ததும் நான் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். நீ நேராக மலைக்குத் திரும்பிப் போய், செம்மேட்டில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் மையத்தில் சேர்ந்துவிட்டாய். தொண்ணூற்றெட்டில் உன்னிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. ‘யாரோ கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று எங்களுக்கு வந்திருக்கிறது. வா, நமக்கென்று ஒரு பாஷை செய்யலாம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாய். ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். மூன்று வருடம் இருந்தேன்.

கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் மொழிகள் அப்போதே ஊர்ப்பட்டவை இருந்தன. எல்லாம் ஆங்கிலச் சொற்கள். மையத்துக்கு வருகிற மலைக்காரர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிப் பார்க்கிற மாதிரி, ‘பங்கு’, ‘சேர்’, ‘போதும்’ என்று நம் சொற்களில் ஒரு மொழி வேண்டும் என்பது உன் கனவு. தமிழ் எழுத்தைத் திரையில் வரவழைப்பது அன்றைக்குப் பெரும்பாடு. அதனால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தோம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. நம்ம பாஷை என்றே சொல்லிக்கொண்டோம்.

நமக்குள் முதல் சண்டை எதற்கு வந்தது, நினைவிருக்கிறதா? ஒன்றைப் பத்தால் வகுத்தால் என்ன வைத்துக்கொள்வது என்பதற்கு.

எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. புள்ளி வைத்து எழுதும் எண்களுக்கென்றே கம்ப்யூட்டருக்குள் தனி இடம் இருக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் கூட்டும், பெருக்கும். உலகமே அப்படித்தான் செய்கிறது. நாம் என்ன கொம்பா? ஆனால் நீ அந்த எண்ணை இருபது இலக்கத்துக்கு அச்சிட்டுப் பார்த்தாய். பத்தில் ஒன்றுக்குப் பின்னால், வெகு தூரத்தில், மூன்று ஐந்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“இது என்ன புள்ள, வாலு?”

நான் விளக்கினேன். மூன்றில் ஒன்றை நாம் புள்ளி வைத்து எழுதினால் மூன்று மூன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகப் பிளந்து எண்ணுவதால் அதற்குப் பத்தில் ஒன்றும் அப்படித்தான். முடியவே முடியாது. இருக்கிற இடத்துக்குள் அடங்கும்படி வெட்டிக்கொள்கிறது, வெட்டிய இடத்தில் ஒரு துளி கூடிப்போகிறது என்றேன். உனக்கு உடனே விளையாட்டாகிவிட்டது. உங்கள் ஊரில் பங்கு பேசும் சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாய். கால் சுத்தமாக வந்தது. அரைக்கால் வந்தது. பதினாறில் ஒன்றான மாகாணியும் அப்பழுக்கில்லாமல் வந்தது. இருபதில் ஒன்றான மாவைக் கொடுத்தாய், மறுபடியும் வால். “மாகாணியப் புடிச்சுக்குது, மாவ நழுவ விட்டுடுது” என்று சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது.

“பத்துல ஒண்ணுன்னா பத்துல ஒண்ணுதான் புள்ள. அதுக்குக் கிட்டத்துல இருக்கறது வேற நம்பரு.”

உன் வழி வேறு. வகுக்கவே வகுக்காதே என்றாய். மேலே ஒன்று, கீழே பத்து, இரண்டு எண்ணாக அப்படியே வைத்துக்கொள். கூட்ட வேண்டுமா, பள்ளிக்கூடத்தில் பின்னத்தைக் கூட்டினோமே அப்படிக் கூட்டு. கடைசிவரை ஒரு துளி சிந்தாது. “மெதுவா இருக்கும்” என்றேன். “இருக்கட்டும், மலையில என்ன அவசரம்?” என்றாய். நீ பிடித்தால் உடும்புப்பிடி. பத்து நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், பலிக்கவில்லை. நம்ம பாஷையில் பின்னமே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். மனதுக்குள் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே பாதி தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. காலையில் எழுந்தால் வெளியே ஒன்றும் இருக்காது, வெறும் வெள்ளை. பிறகு ஒரு வாழைமரம் வரும், ஒரு மாடு வரும், கடைசியாக மலை வரும். நீ உன் ஊரிலிருந்து நடந்து வருவாய். பாதையில் உன் தலை மட்டும் முதலில் மிதந்து வரும். வந்ததும் ராத்திரி கனவில் வந்த கணக்கைச் சொல்வாய். ஒரு தடவை, பின்னங்களெல்லாம் மாடி வீடுகளாக இருந்தன, கீழ்வீட்டில் குடியிருக்கும் எண் மேல்வீட்டைத் தாங்க முடியாமல் முனகியது என்றாய். அப்படிப் பேசுகிறவளோடு யார்தான் சண்டை போட்டுக்கொண்டே இருக்க முடியும்?

மறு வருடம் மாசி மாதம் நகரத்திலிருந்து நான்கு பேர் மையத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். காட்டுவதற்கு நான் ஒரு கணக்கு எழுதினேன். மலையில் பெய்யும் மழையை அளந்த குறிப்புகள் மையத்தில் இருந்தன. ஒவ்வொரு நாள் மழையையும் முந்தைய கணக்கோடு சேர்த்து மூன்றால் வகுத்து, வகுத்ததை மறுநாளோடு சேர்த்து மறுபடி மூன்றால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். பின்னம் சும்மா இருக்குமா? குறிப்பில் பாதி வருடம் முடிவதற்குள் கீழ் எண் ஒரு வரியைத் தாண்டியது. வருடக் கடைசியை நெருங்கும்போது மூன்றாவது வரிக்கு வழிந்தது. கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. உன் கனவில் வந்த கீழ்வீட்டுக்காரனை நேரில் பார்த்தேன்.

நீ அன்று ஊரில் இல்லை, கீழே போயிருந்தாய். எனக்கு ஆத்திரம். வருகிறவர்கள் முன்னால் இது முக்கிக்கொண்டு நின்றால் மானம் போய்விடும். நம்ம பாஷையின் உள்ளே, வகுத்தலைக் கவனிக்கும் இடத்தில், ஒரே ஒரு வரியை மாற்றினேன். வகுத்தால் பின்னம் வேண்டாம், புள்ளி எண்ணே போதும். கணக்கு பறந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள். நீயும் மறுநாள் வந்து, “எப்படிப் புள்ள இத்தன வேகம்?” என்று கேட்டாய். “கொஞ்சம் சீர் பண்ணினேன்” என்றேன். பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால், நான் சொன்னதுதான் சரி என்று அந்த வேகம் தினமும் நிரூபித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுகத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கோடையில்தான் உங்கள் ஊர் ஊற்றில் தண்ணீர் குறைந்தது. ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால், அதில் பத்துக் குடும்பத்து வயல். ஆளுக்கு அரை நாள் தண்ணீர். தலைமடையில் தொடங்கிக் கடைமடையில் முடிந்தால் ஐந்து நாளில் ஒரு சுற்று. பிறகு மறுபடியும் தலைமடை. தலைமடை உன் அண்ணன் வயல். முறை சொல்கிற பெரியவர் அந்த வருடம் படுக்கையில் விழுந்துவிட்டார். வேறு யார் முறை சொன்னாலும் மற்றவர்களுக்குச் சந்தேகம். நீ எழுந்து நின்று சொன்னாயாம், “கம்ப்யூட்டருல போட்டுத் தாரேனுங்க. அதுக்கு அண்ணந் தம்பி கெடையாது.” உன் பேச்சை நம்பி ஊர் ஒத்துக்கொண்டது.

நீ எழுதிய கணக்கு எனக்கு மனப்பாடம். பங்கு என்பது பத்தில் ஒன்று. ஒவ்வொரு குடும்பமாகப் பங்கைக் கொடு, கொடுத்ததைச் சேர்த்துக்கொண்டே வா. சேர்ந்தது ஒன்றுக்குக் குறைவாக இருக்கும்வரை கொடுத்துக்கொண்டே இரு. ஒன்று ஆகிவிட்டால் போதும், சுற்று முடிந்தது. அதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. நீ நம்பிய மொழியில் பத்துத் தடவை பத்தில் ஒன்றைக் கூட்டினால் ஒன்றுதான் வரும். நான் மாற்றி வைத்திருந்த மொழியில், வெட்டுகிற இடத்திலெல்லாம் கூடியும் குறைந்தும், பத்துத் தடவை கூட்டிய பிறகு ஒன்றுக்கு ஒரு மயிரிழை குறைவாக நின்றது. ஒன்று ஆகவில்லையே என்று கம்ப்யூட்டர் பதினோராவது முறையையும் கொடுத்தது. கடைமடைக்கு அடுத்து யார்? தலைமடை.

சுற்றுக்கு ஒரு தாள். நடப்புச் சுற்றின் தாளை மட்டும் கோயில் சுவரில் ஒட்டினாய். ஒரு தாளின் கடைசி வரியில் உன் அண்ணன் பெயர் இருக்கும், அதைக் கிழித்துவிட்டு ஒட்டுகிற அடுத்த தாளின் முதல் வரியிலும் உன் அண்ணன் பெயர் இருக்கும். இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை. அண்ணனும் கம்ப்யூட்டர் சொன்னதுதானே என்று மடையைத் திறந்துவிட்டார். மூன்று சுற்று அப்படியே போனது.

நான் உன்னோடு ஊருக்கு வந்திருந்த காலையில்தான் கடைமடைக்காரம்மா அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கிழித்துப் போட்டதையெல்லாம் பொறுக்கி மடித்து வைத்திருந்திருக்கிறார். கோயில் முன்னால் பத்துக் குடும்பமும் நின்றது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏஞ்சாமி, எங்க வயலு வாயப் பொளந்து கெடக்குது. உங்கண்ணன் மடை மட்டும் சுத்துக்கு ஒரு நாள் முச்சூடும் தொறந்திருக்குது. இது கம்ப்யூட்டரு போட்டதா, நீ போட்டதா?”

நீ தாள்களை வாங்கி வரிகளை எண்ணினாய். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஒரே வாக்கியம், முடிந்தது. கூட்டத்தில் எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். சொந்த வயலுக்குத் தண்ணீரைத் திருப்பியவளைப் பார்க்கிற பார்வை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எங்கணக்குல தப்புங்க” என்றாய். “எப்படின்னு இன்னும் தெரியல, ஆனா கணக்கு எழுதுனது நாந்தான். அதிகமா எடுத்த மூணு முறைக்கும் ஈடா, வர்ற மூணு சுத்துல எங்க முறைய விட்டுடறோம். அதிகமா எடுத்த அந்தத் தண்ணியில பத்துல ஒரு பங்கு எங்களுக்கும் சேரும். அதைக் கழிக்க வேண்டாமுங்க.”

கோடையில் மூன்று சுற்று தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உன் அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தலைமடை நெல் முதலில் மஞ்சளானது, பிறகு வைக்கோலானது. அறுக்க ஒன்றும் இல்லை. கடைமடைக்காரம்மாவின் வயல் பிழைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் நீ தனியாக மையத்துக்குப் போனாய். மறுநாள் நான் உள்ளே வந்தபோது பல்பால் கம்ப்யூட்டருக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாய். திரும்பிப் பார்க்காமலே, “பழையபடி மாத்திட்டேன் புள்ள, இனித் தப்பாது” என்றாய். நான் “ம்” என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். நீ கொஞ்ச நேரம் பல்பைப் பிடித்தபடியே நின்றாய். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று நின்றாய் என்பது இப்போது புரிகிறது.

அதற்குப் பிறகு நீ என் மேல் ஒரு முகச்சுளிப்புகூடக் காட்டவில்லை. அது போதாதென்று என் பக்கத்து நியாயத்தையும் எடுத்துக்கொண்டாய். மழைக் கணக்குக்குப் பின்னம் சுமைதான், வேகம் வேண்டிய இடத்தில் புள்ளி எண் இருக்கட்டும் என்று நீயே சொன்னாய். ஒரே நிபந்தனை. அப்படி வேண்டுமானால் எண்ணுக்கு முன்னால் ‘சுமார்’ என்று எழுத வேண்டும். சுமாரோடு எதைச் சேர்த்தாலும் விடையும் சுமார். சுமார் என்று எழுதிய எண்ணை ஒன்று ஆகிவிட்டதா என்று கேட்டால் நம்ம பாஷை பதில் சொல்லாது, எவ்வளவு தள்ளி இருந்தால் பரவாயில்லை என்று திருப்பிக் கேட்கும். “சுமாருன்னு சொல்லிட்டா அது பொய்யில்ல புள்ள. சொல்லாம இருக்கறதுதான் பொய்யி” என்றாய். நான் தலையாட்டிக்கொண்டே அடித்தேன். அதைவிடப் பச்சையாக நீ எப்படிக் கேட்டிருக்க முடியும்?

இரண்டாயிரத்து ஒன்றில் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறையாவது மலைக்கு வந்தேன். கடைமடைக்காரம்மா வீட்டில் சாமைச் சோறு, உன் அண்ணன் வீட்டில் கோழிக்குழம்பு. ஊரே என்னைத் தாங்கியது. இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் முடிவெடுத்துக்கொண்டு மேலே வருவேன். உன் தலை பனியில் மிதந்து வருவதைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நமக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். முப்பது வயதுகூட ஆகாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

நான் பெங்களூர் வந்த மூன்றாம் வருடம் நீ காய்ச்சலில் நான்கே நாளில் போனாய். எனக்குச் செய்தி வந்து, நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் காலை உன் அண்ணன் தலைமடையில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். பனி விலகிக்கொண்டிருந்தது. இனிமேலும் பொறுக்க முடியாமல் அவரிடம் போனேன்.

“அண்ணா, அந்த வருசம் தண்ணி முறையில வந்த தப்பு அவளோடது இல்லீங்க. என்னோடது. நாந்தானுங்க உள்ள மாத்தி வெச்சேன்.”

அவர் மடையில் கிடந்த சருகை மண்வெட்டியால் ஒதுக்கினார். அவருக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை.

“தெரியுங் கண்ணு.”

“எப்படிங்க?”

“மறுநாளே ஊரக் கூட்டிச் சொல்லிப்போட்டா. தப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு ஊருக்குத் தெரியோணும், மறைக்கக் கூடாதுன்னா. மாத்துனது எஞ் சிநேகிதி, கெட்ட எண்ணத்துல இல்ல, வேகத்துக்காவ மாத்திப்புட்டான்னா. ஆனா நீங்க யாரும் அவளக் கேக்கக் கூடாது, அவளே வந்து சொல்லுவான்னா.” மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். “நீ வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் கேப்பேன், சொன்னாளா சாமின்னு. இன்னும் இல்லண்ணா, அடுத்த தடவ சொல்லுவான்னு அவ சொல்லுவா.”

ஐந்து வருடம் பத்துக் குடும்பமும் எனக்குச் சோறு போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கின்றன. நான்தான் எதையோ ஒளித்துவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கடைமடைக்காரம்மா இன்னும் கொஞ்சம் போட்டுக்க கண்ணு என்று சொன்னபோதெல்லாம் அவருக்குத் தெரியும்.

நான் இப்போதும் எண்களோடுதான் பிழைக்கிறேன். ஒரு பெரிய நிறுவனத்தில், உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு மொழியில் எண்களுக்கான பகுதியைக் கவனிக்கும் குழுவில் இருக்கிறேன். பின்னமா புள்ளியா என்று என்னைவிட இளையவர்கள் சண்டை போடுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்கிறேன். எதை வேண்டுமானாலும் வையுங்கள், எழுதுகிறவருக்குத் தெரியாமல் மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்லும்போது என் குரல் ஏன் உயர்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. என் கையால் நேரும் தவறுகளை அன்றன்றைக்கே, எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நல்ல குணம் என்று பாராட்டுகிறார்கள். குணமெல்லாம் இல்லை. இரண்டு தோளிலும் நீ காத்திருந்த அந்த ஐந்து வருடம் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான்.

உன் அண்ணனிடம் சொன்னேன். அன்றே கடைமடைக்காரம்மாவிடமும் சொன்னேன், அவர் என் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். உன்னிடம்தான் சொல்லவில்லை. பல்பைப் பிடித்துக்கொண்டு நீ நின்ற அந்தக் காலையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: அந்த வரியை மாற்றியது நான்தான், புள்ள.